உயரமானவன் கீழ்ப்பக்கம்

அம்மாவின் பெட்டி கூடத்தில் நிற்கிறது என்று போன வாரம் சொல்லி நிறுத்தியிருந்தேன். அதைக் கட்டியது அம்மா இல்லை, டொனால்ட் அண்ணன். ஈப்போவிலிருந்து கம்போங் ராஜா வழியாக வந்து இறங்கி, செருப்பைக் கழற்றியதும் அவன் செய்த முதல் காரியம் அம்மாவின் அலமாரியைத் திறந்ததுதான். அம்மா அடுப்படியில் நெத்திலி வறுத்துக்கொண்டே, தன் புடவைகள் ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் போவதை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாத அம்மாவைச் சம்மதித்த அம்மா என்று எடுத்துக்கொள்வது எங்கள் வீட்டு ஆண்களின் வழக்கம்.

இந்த வாரம்தான் கதைக்குள் வருகிறவர்களுக்கு நடந்ததைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் அப்பா தங்கையா, ரிங்லெட்டுக்கு மேலே இருக்கும் இந்தத் தேயிலைத் தோட்டத்தில் மண்டோர். காலையில் கொழுந்து வெட்டும் ஆட்களைக் கூட்டி, எந்த மெஷினுக்கு யார் யார் என்று பிரித்து, மலை மலையாக நடத்திக் கொண்டுபோகிற வேலை. போன கிறிஸ்துமஸுக்கு முன்னால் நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

தோட்டத்து வீடு தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்குத்தான். வீட்டில் யாராவது ஒருவர் நிரந்தர வேலைக்குக் கையெழுத்துப் போட வேண்டும், இல்லையென்றால் சாவியை ஆபீஸில் கொடுத்துவிட்டு இறங்க வேண்டும். எங்களுக்குக் கொடுத்த தவணை இந்தச் சனிக்கிழமை மதியத்தோடு முடிகிறது.

தம்பி எல்வின், ஈப்போவில் பார்த்துக்கொண்டிருந்த மோட்டார் பட்டறை வேலையை விட்டுவிட்டு மலையேறி வந்து, அப்பாவின் பழைய டிவிஷனிலேயே தற்காலிகமாக மெஷின் பிடிக்கிறான். சனிக்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டால் நிரந்தரம். அம்மா பார்பரா இந்த வீட்டிலேயே இருக்கலாம். அண்ணன் கட்சி வேறு. அம்மா தன்னோடு ஈப்போவுக்கு வர வேண்டும், தம்பி பட்டறைக்குத் திரும்ப வேண்டும். அப்பாவை அடக்கம் செய்த வாரத்தில் மூண்ட சண்டை, இன்றுவரை இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நடுவில் நான், மெலிசா. தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை. ஒரு வகுப்புப் பிள்ளைகளை உட்கார வைக்க முடிகிறது, இந்த இரண்டு பேரை முடியவில்லை.

சனிக்கிழமை விடிந்ததும் அண்ணன் தேநீர்க் கோப்பையோடு வாசலில் வந்து நின்றான்.

"எங்க அவன்?"

"பெரட்டுக்குப் போயிட்டான்," என்றேன். காலையில் ஆட்களை நிற்க வைத்துப் பெயர் கூப்பிடுவதை இங்கே அப்படித்தான் சொல்வோம்.

"சனிக்கிழமையுமா?"

"கொழுந்து கெழமை பாத்தா மொளைக்குது?" என்று அடுப்படியிலிருந்து அம்மா கேட்டாள்.

அண்ணன் அதைக் காதில் வாங்கவில்லை. எதிரே மலைச்சரிவைப் பார்த்துக்கொண்டிருந்தான். மூடுபனி பாதி வரிசைகளைத் தின்றுவிட்டிருந்தது.

"உனக்கு ஞாபகம் இருக்கா மெலிசா? ஸ்கூல் பஸ்ஸுக்கு அப்பா என்னை எப்படிக் கூட்டிட்டுப் போவாருன்னு?"

எப்படி மறக்கும். மழைக்காலத்தில் எங்கள் தோட்டத்து வீட்டு வரிசையான லயத்திலிருந்து பெரிய ரோட்டுக்கு இறங்கும் பாதை முழுக்கச் சேறு. அண்ணன் சிலிப்பரில் நடப்பான். அவனுடைய வெள்ளைச் சப்பாத்தை அப்பா தன் கையில் தூக்கிக்கொண்டு வருவார். பஸ் நிற்கும் இடத்தில் ஒரு கல்லில் அவனை உட்கார வைத்து, தோள் துண்டால் காலைத் துடைத்து, சப்பாத்தை மாட்டிவிட்டு, சிலிப்பரை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போவார். இடைநிலைப்பள்ளிக்குப் போன வளர்ந்த பையன் அவன். மற்ற பிள்ளைகள் கிண்டல் பண்ணுவார்கள் என்று கூச்சப்படுவான். அப்பா விட்டதில்லை.

"ஒரு தடவ லீவுல அவருக்குச் சாப்பாடு எடுத்துக்கிட்டு மலைக்கு ஏறினேன்," என்றான் அண்ணன். "பாதி வழியிலேயே ஓடி வந்து வாங்கிக்கிட்டாரு. திரும்பு, இந்தப் பக்கம் கால் வைக்காதன்னாரு. அவ்வளவு கோவமா அவரை நான் பாத்ததில்ல. என் கால்ல இந்த மண்ணு ஒட்டக்கூடாதுன்னு நெனச்ச மனுஷன் லா. அவரு புள்ள ஒருத்தன் இன்னிக்கு அதே மண்ணுல போய் நிக்கிறான். நான் பாத்துக்கிட்டு இருக்கணுமா?"

அவன் குரல் உடைந்தது. அண்ணன்மேல் எனக்கு இருந்த கோபம் பாதி அங்கேயே இறங்கிவிட்டது. இறங்கின பாதியை அவனே அடுத்த நிமிடம் திரும்ப ஏற்றிவிட்டான்.

"நான் போய் அவனை இழுத்துட்டு வரேன். மா, நீங்க தயாரா இருங்க. ஆபீஸ்ல சாவியக் கொடுத்துட்டு அப்படியே கெளம்பிடலாம்."

அம்மா கூடத்தில் குனிந்து பெட்டியைத் திறந்து, ஒரு புடவையை உருவிக்கொண்டிருந்தாள்.

"மா, அதெல்லாம் அடுக்கி வெச்சாச்சு."

"தெரியும்டா. நீ போயிட்டு வா. எனக்கு ஒரு வேலை இருக்கு."

என்ன வேலை என்று அண்ணன் கேட்கவில்லை. சத்தியமாக நானும் கேட்கவில்லை. இரண்டு ஆண்பிள்ளைகளையும் தனியாக விட்டால் மலை தாங்காது என்ற பயத்தில் அவன் பின்னாலேயே ஓடினேன்.

*

எல்வின் மேல் வரிசையின் ஓரத்தில், ஓடாத மெஷினுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தான். வேலப்பன் மாமா இடுப்பில் கை வைத்துக்கொண்டு வானத்தைத் திட்டிக்கொண்டிருந்தார். அப்பாவிடம் வேலை பழகியவர், அப்பாவுக்குப் பிறகு அவர்தான் மண்டோர்.

கொழுந்து வெட்டும் மெஷின் ஒருவர் தூக்குகிற சாமான் இல்லை. வரிசைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர், ஆளுக்கொரு கைப்பிடி. நடுவில் கத்தி செடியின் தலையைச் சீவிக்கொண்டே போகும். பின்னால் ஒருவர் பையைப் பிடித்துக்கொண்டு வர வேண்டும். எல்வினுக்கு எதிர்ப்பக்கம் பிடிக்கும் நேப்பாளப் பையனுக்குக் காய்ச்சல். பை பிடிப்பவர் அவனைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தார். வெட்டாமல் விட்டால் கொழுந்து முற்றிவிடும். கீழே லோரி நின்றுகொண்டிருந்தது.

அண்ணன் போன வேகத்தில் ஆரம்பித்தான்.

"எழுந்து வந்து காடியில ஏறு."

"எதுக்கு?"

"அப்பா பேரைக் கெடுத்தது போதும்."

எல்வின் எழுந்தான். சின்ன வயதிலிருந்தே சத்தம் போடத் தெரியாதவன். கோபம் வந்தால் குரல் இன்னும் இறங்கும்.

"அப்பா பேரை நான் என்ன கெடுத்தேன்? இந்த மெஷினைப் புடிக்க எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அப்பாதான்."

"பொய் சொல்லாத."

"நான் ஏன்ணே பொய் சொல்றேன்? ஸ்கூல்ல படிவம் அஞ்சு முடிச்சிட்டு, பட்டறைப் படிப்புக்குப் போறதுக்கு முன்னாடி லீவுல. தெனமும் என்னைக் கூட்டிட்டு வந்தாரு. எதிர்ல அவரு, இந்தப் பக்கம் நானு. நான் காலையே பாத்து நடப்பேன். 'காலைப் பாக்காதடா, என் மூஞ்சியப் பாரு, காலு தானா வரும்'னு சொல்வாரு. அப்ப அவரு சிரிச்ச மாதிரி நான் வீட்டுல பாத்ததே இல்ல."

அண்ணன் மெஷின் கைப்பிடியைப் பார்த்தான். எனக்குப் புரிந்தது. தம்பி பொய் சொல்லியிருந்தால் அவன் தாங்கியிருப்பான்.

"உன்னை விட்டாரா?" என்று மட்டும் கேட்டான்.

வேலப்பன் மாமாவுக்கு இதற்கெல்லாம் பொறுமை கிடையாது.

"நீங்க பேசி முடிக்கறதுக்குள்ள மழை வந்துடும் லா. எனக்கு ரெண்டு ஆள் கொறையுது, லோரிக்காரன் கத்துறான். டொனால்ட் தம்பி, சட்டைக் கைய மடி. மெலிசா, நீ பையப் புடி."

"மாமா, நான் இன்ஷூரன்ஸ் ஆபீஸ்ல..."

"ஆளுங்க சண்டை போட்டா உங்கப்பா என்ன செய்வாருன்னு தெரியுமா தெரியாதா?"

தெரியும். இந்த டிவிஷனில் தெரியாதவர்கள் இல்லை. யாராவது இரண்டு பேர் பேச்சுவார்த்தை நிறுத்திவிட்டார்கள் என்று காதில் விழுந்தால், மறுநாள் பெரட்டில் அப்பா அந்த இரண்டு பேரையும் ஒரே மெஷினில் போடுவார். சமாதானம் பேச மாட்டார், நியாயம் கேட்க மாட்டார். ஒருவன் கோபத்தில் எட்டி நடந்தால் அடுத்தவன் மணிக்கட்டு பிய்ந்துவிடும். ஒருவன் பின்தங்கினால் கத்தி செடியில் மாட்டும். சாயங்காலத்துக்குள் வாயால் பேசாவிட்டாலும் கண்ணால் பேசித்தான் ஆக வேண்டும். வேலப்பன் மாமாவும் அவர் மச்சானும் யார் கோழியை யார் அடைத்தது என்ற சண்டையில் அப்படி ஒரு வாரம் நடந்திருக்கிறார்கள்.

அண்ணன் கைக்கடிகாரத்தைக் கழற்றி என்னிடம் கொடுத்தான். பிறகு, வீட்டுக்கு மூத்தவன் என்ற நினைப்பில் நேராக வரிசையின் மேல்பக்கம் போய் நின்று கைப்பிடியைப் பிடித்தான். எல்வின் ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் கீழ்ப்பக்கம் இறங்கி இன்ஜின் கயிற்றை இழுத்துக் கிளப்பினான்.

கொஞ்ச தூரம்கூடப் போகவில்லை. அண்ணன் எங்கள் எல்லோரையும்விட ஒரு தலை உயரம். அவன் மேட்டில், குட்டையான தம்பி பள்ளத்தில். மெஷின் ஒரு பக்கமாகச் சாய்ந்து, கொழுந்தை விட்டுவிட்டுக் கட்டையை வெட்ட ஆரம்பித்தது. பைக்குள் குச்சியும் முற்றின இலையுமாகக் கொட்டியது.

"நிறுத்து, நிறுத்து." வேலப்பன் மாமா தலையில் அடித்துக்கொண்டார். "உயரமானவன் கீழ்ப்பக்கம். சரிவுல அப்பத்தான் மெஷின் சமமா நிக்கும். உங்கப்பா வாய் ஓயாம சொன்னது மறந்து போச்சா?"

"எனக்கு எங்க மாமா சொன்னாரு?" என்றான் அண்ணன்.

மெதுவாகத்தான் சொன்னான். வேலப்பன் மாமா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

எல்வின் வரிசையைச் சுற்றிக்கொண்டு மேலே ஏறி வந்தான்.

"நீ எறங்குண்ணே. கைய இப்படி வெச்சுக்க. இறுக்கிப் புடிக்காத, தோள் போயிடும்." அண்ணனின் விரல்களை எடுத்துக் கைப்பிடியில் வைத்தான். "என் மூஞ்சியப் பாத்து நட."

இன்ஜின் மறுபடியும் கிளம்பியது. அந்தச் சத்தத்தில் யாரும் யாரையும் திட்ட முடியாது. என் இரண்டு சகோதரர்களும் நடுவில் ஒரு வரிசைத் தேயிலையை வைத்துக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி நடந்தார்கள். முதலில் அண்ணன் தடுமாறினான், தம்பி நிதானித்தான். பிறகு வரிசை வளையும் இடத்தில் தம்பி கண்ணைக் காட்டினான், அண்ணன் பாதி எட்டு வைத்தான். பின்னால் கொழுந்துப் பையைப் பிடித்துக்கொண்டு போன எனக்கு இடுப்பு ஒடிந்துவிடும்போல் இருந்தது. இருந்தாலும் அந்த வரிசை முடியக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன்.

வரிசைக் கோடியில் மெஷினை இறக்கி வைத்தார்கள். அண்ணனின் உள்ளங்கை சிவந்து போயிருந்தது. புது சப்பாத்து முழுக்கச் சேறு. குனிந்து பார்த்தான், துடைக்கவில்லை.

"மெஷின் நிக்கும்போது அப்பா உன்கிட்ட என்ன பேசுவாரு?"

"உன்னைப் பத்தித்தான்."

"என்னைப் பத்தியா? என்ன?"

"நீ இருக்கற அப்பார்ட்மெண்ட்ல லிஃப்ட் ஓடுதா, ஒடம்பு சரியில்லன்னா யாரு பாப்பா, சம்பல்ல காரம் கம்மியா இருந்தா எப்படிச் சாப்பிடுவியோன்னு. இதையேதான் பேசுவாரு. எனக்கு எரிச்சலா வரும்ணே. பக்கத்துல நிக்கறது நானு, பேச்சு பூரா நீயி."

அண்ணன் சிரித்துவிட்டான். தம்பியும் சிரித்தான். அப்பா போனபிறகு இருவரையும் சேர்ந்தாற்போல் அப்படி நான் பார்க்கவில்லை. அந்தச் சிரிப்பிலேயே கதையை முடித்துவிடலாம் என்று எனக்கு ஆசைதான்.

எல்வின்தான் முதலில் கீழே ஆபீஸ் கூரையைப் பார்த்தான்.

"மூடறதுக்குள்ள போகணும்ணே. நான் கையெழுத்துப் போடத்தான் போறேன்."

அண்ணனின் சிரிப்பு போய்விட்டது. "அப்பா அதுக்கா சொல்லிக்கொடுத்தாரு?"

"பின்ன எதுக்கு?"

"அதான் எனக்கும் தெரியல," என்றான் அண்ணன்.

*

ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார். இளம் வயதுக்காரர். எங்கள் மூன்று பேரின் சேற்றுக் கோலத்தைப் பார்த்து அவருக்கே சிரிப்பு வந்தது.

"உங்க வீட்டு வேலைதான் காலையிலேயே முடிஞ்சிடுச்சே. அம்மா வந்துட்டுப் போயிட்டாங்களே."

சாவியைக் கொடுத்துவிட்டாளா? அண்ணன் ஜெயித்தும் அவன் முகத்தில் ஜெயித்த களை இல்லை. மூன்று பேரும் லயத்துக்கு ஏறினோம். எல்வின் முன்னால் ஏறக்குறைய ஓடினான்.

வீடு திறந்திருந்தது. அம்மா சோற்றை இறக்கிவைத்துவிட்டு, மாதா கோயிலுக்குக் கட்டுகிற நீலப் புடவையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"மா, சாவி எங்க?" என்றான் எல்வின்.

"ஆணியிலதான். வேற எங்க இருக்கும்?"

"அப்ப ஆபீஸ்ல என்ன பண்ணுனீங்க?"

"வேலைக்குப் பேரு கொடுத்துட்டு வந்தேன். மேல டூரிஸ்டுங்க வந்து டீ குடிக்கிற தோட்டத்துக் கடை இருக்குல்ல, அங்க அடுப்படிக்கு ஆள் வேணுமாம். என்ன வேலை தெரியும்னு கிராணி கேட்டாரு. என் மூணு புள்ளைங்களுக்கும் வாய்க்கு ருசியா ஆக்கிப் போட்டேன், அதுங்களைவிடவா உங்க டூரிஸ்டு குத்தம் சொல்லிடுவான்னேன். நிரந்தரமாவே எழுதிக்கிட்டாரு. வீடு இப்ப என் பேருல."

அண்ணன் பெட்டிமேலேயே உட்கார்ந்துவிட்டான்.

"இந்த வயசுல நீங்க வேலைக்கா? எங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்கலையே மா."

"நீங்க கேட்டீங்களா என்கிட்ட? நீ பெட்டி கட்டுன. இவன் வேலையை விட்டுட்டு வந்து நின்னான். இவ ரெண்டு பேருக்கும் நடுவுல ஓடிக்கிட்டே இருந்தா. எங்க இருக்கப் போறீங்கம்மான்னு ஒருத்தராவது கேட்டீங்களா?"

வெங்காயத்தின்மேல் பழி போட்டுவிட்டு நான் மூக்கை உறிஞ்சினேன். கேட்கவில்லைதான்.

"அப்ப நான் என்ன செய்றது?" என்றான் எல்வின்.

"உனக்குப் புடிச்சா மெஷினைப் புடி. புடிக்கலன்னா பட்டறைக்குப் போ. எனக்காக இங்க நிக்காத."

"உங்களுக்காக மட்டும் இல்ல மா. அப்பா எனக்குக் கத்துக்கொடுத்துட்டுப் போன வேலை இது. அதை விட்டுட்டுப் போனா அவரு சொல்லிக்கொடுத்ததுக்கே மரியாதை இல்லாமப் போயிடும்."

அம்மா கத்தியைக் கீழே வைத்தாள்.

"அது பாடம் இல்லடா, ஆசை. படிப்புக்கு நீயும் எறங்கிப் போகப்போறேன்னு தெரிஞ்சதும் ராத்திரி சோறு எறங்கல அவருக்கு. 'போறதுக்கு முன்னாடி கொஞ்ச நாள் இவனை எதிர்ல நிக்க வெச்சுக்கறேன் பார்பரா'ன்னாரு. வீட்டுல உக்காந்து மகன் மூஞ்சியப் பாத்துக்கிட்டே இருந்தா நீங்க என்னன்னு கேப்பீங்க. மெஷின்ல நின்னா நாள் பூரா பாக்கலாம், யாரும் கேக்கமாட்டாங்க. அதுக்குத்தான் கூட்டிட்டுப் போனாரு. தேயிலை வெட்டத் தெரியணும்னு இல்ல."

எல்வின் சுவரோடு சாய்ந்து நின்றான். அப்பா இறந்த அன்று அழாதவன் அவன். கண்ணைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் நின்றான்.

நான் அவனையே பார்த்துக்கொண்டிருந்ததால் அண்ணனைக் கவனிக்கவில்லை. பெட்டிமேல் உட்கார்ந்தபடி, சேற்றுக் காலைப் பார்த்துக்கொண்டே, சின்னப் பிள்ளை கேட்பதுபோல் கேட்டான்.

"என்னை மட்டும் ஏன்மா ஒரு நாள்கூட நிக்க வெக்கல? என் மூஞ்சி பாக்க அவருக்கு ஆசை இல்லையா?"

அம்மா எழுந்து போய் அவன் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துக்கொண்டாள்.

"இல்லாமலா? நீதான்டா அவரு பின்னாடியே சுத்துனவன். அவரு ஒரு தடவ கைய காட்டியிருந்தா, நீ பஸ்ஸை விட்டுட்டு மலைக்கு ஏறியிருப்ப. ஏறியிருந்தா எறங்கியிருக்க மாட்ட. கூப்பிட்டா வந்துடுவான் பார்பரா, வந்துடுவான்னு சொல்லிச் சொல்லியே வாயை மூடிக்கிட்டு இருந்தாரு."

அண்ணன் அழுதான். வாய்விட்டு, லயத்துக்கே கேட்கும்படி அழுதான். நாங்கள் யாரும் தடுக்கவில்லை.

வாசலில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். வேலப்பன் மாமா, மழைக் கோட்டோடு.

"சாப்பாட்டு நேரத்துல வந்துட்டேன், கோவிச்சுக்காதீங்க. எல்வின், திங்கக்கெழமை மெஷினுக்கு ஆள் பிரிக்கணும். உன் பேரைச் சேக்கவா வேணாமா?"

வேறு நாளாக இருந்தால் அண்ணன் வேண்டாம் என்றிருப்பான். அம்மா பரிதாபப்பட்டு, சேருங்கள் என்றிருப்பாள். நானாவது எதையாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். இன்று மூன்று பேரும் வாயைத் திறக்கவில்லை. எல்வின் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தான். அவனுக்காகப் பதில் சொல்ல அந்த வீட்டில் இனி ஆள் இல்லை என்று அவனுக்கும் தெரிந்துவிட்டது.

"வாங்க மாமா, நடந்துக்கிட்டே பேசலாம்," என்று சொல்லிவிட்டுத் தூறலில் இறங்கினான்.